சிவப்புக் காடிகனைப் போடாத கதை

ஆலங்கட்டி கொட்டிக்கொண்டிருந்தது. என் தலையில், மூக்கில், முழங்கையில், சைக்கிள் பெல்லின் மேல். பெல்லில் விழுந்தவை மட்டும் டிங் டிங் என்று சத்தம் போட்டன. யாரோ வழி கேட்பதுபோல இருந்தது. வழி விட அங்கே வேறு எவரும் இல்லை.

பொகோங் மலைச் சமவெளி. விக்டோரியா மாநிலத்தின் உச்சந்தலை என்று சொல்லலாம். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு கார் இல்லை, ஒரு மாடு இல்லை, ஒரு மனிதர் இல்லை.

பொய் சொல்லக்கூடாது. ஒரு மனிதர் இருந்தார். எனக்குப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு, மூக்குக் கண்ணாடியில் வழிந்த தண்ணீரைத் துடைத்தபடி சொன்னார்:

"உங்கட பையுக்குள்ள சிவப்பா ஒரு கம்பளி தெரியுது. அதை எடுத்துப் போடுங்கோவன்."

"வேண்டாம்."

"குளிரேல்லையோ?"

"இல்லை."

அந்த 'இல்லை'யைச் சொல்லி முடிப்பதற்குள் என் பற்கள் நாலைந்து தரம் அடித்துக்கொண்டன. மெல்லிய பருத்திச் சட்டை உடம்போடு ஒட்டிவிட்டது. விரல் நுனிகள் என்னுடையவையா என்று தெரியவில்லை. பைக்குள் அண்ணி தன் கையால் பின்னிய நல்ல தடித்த காடிகன், முன்னால் பொத்தான் பூட்டும் கம்பளிச் சட்டை, சும்மா கிடந்தது. செத்தாலும் அதைப் போடமாட்டேன் என்று நின்றேன்.

விசர்ப் பெட்டை, பைத்தியம் என்று நினைக்கிறீர்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

கோயில் இல்லாத ஊர்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் அண்ணா வீட்டுக் குசினியையும் அங்கே நடந்த சமையலையும் பற்றி எழுதியதற்கு அண்ணி போனில் ஏசினார். இந்த வாரமும் ஏசப்போகிறார். இந்தக் கதை நடந்தது எழுபதுகளின் நடுப்பகுதியில். அண்ணாவும் அண்ணியும் மெல்பேர்னில் கிளேட்டன் பக்கம் வாடகை வீட்டில் இருந்தார்கள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அவர்களோடு ஒட்டிக்கொண்டு, ஒரு மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தேன். நகரம் முழுக்கத் தேடினாலும் தமிழர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த விரல்களில் பாதி என் கல்யாணத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தன.

எங்கள் ஊரில் பெண் பார்ப்பது வீட்டில் நடக்காது. கோயிலில் நடக்கும். அதுவும் 'தற்செயலாக'. பெண் வீட்டார் கோயிலுக்குப் போவார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் அதே நேரம், ஐயையோ என்ன புதுமை, அங்கே நிற்பார்கள். இரண்டு பக்கமும் சாமியைப் பார்ப்பதுபோல மற்றப் பக்கத்தைப் பார்க்கும். பிடிக்காவிட்டால் எவரும் எவரையும் வேண்டாமென்று சொல்லவில்லை, கோயிலுக்குப் போய் வந்தார்கள், அவ்வளவுதான்.

மெல்பேர்னில் அப்போது போவதற்குக் கோயில் இல்லை. இப்போது த பேசின் என்ற புறநகரில் மலையடிவாரத்தில் பிள்ளையார் சௌகரியமாக இருக்கிறார், காரில் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறோம். அவர் கொஞ்சம் முந்தி வந்திருந்தால் நான் அந்த ஆலங்கட்டியில் நனைந்திருக்கவேண்டியதில்லை.

வரனைக் கொண்டுவந்தவர் சுந்தரம் சார். மதுரைக்காரர், கிளேட்டனில் இருந்த பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அவருடைய துறையில் வேலை பார்த்த குலேந்திரன் என்பவர்தான் மாப்பிள்ளை, எங்கள் யாழ்ப்பாணத்துப் பொடியன். சுந்தரம் சாருக்கு எங்கள் 'தற்செயல்' கடைசிவரை விளங்கவில்லை.

"ஏங்க, நேரா வீட்டுக்கு வந்து கேசரி சாப்பிட்டுப் பொண்ணைப் பாத்துட்டுப் போயிடலாமே? எங்க பக்கம் அப்படித்தான்" என்றார்.

"வீட்டுக்கு வந்து பாத்துப்போட்டு வேண்டாமெண்டால், பிறகு ஆர் ஆற்ற முகத்தில முழிக்கிறது, சேர்?" என்றார் அண்ணா.

முதலில் விக்டோரியா மார்க்கெட்டில் ஒரு தற்செயல் ஏற்பாடாகியது. சனிக்கிழமைக் காலை, மீன்கடைப் பக்கம். அண்ணா என் காதுக்குள், "அந்தப் பக்கம் பாக்காதை, எங்களுக்கு அவசரம் எண்டு நினைப்பினம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் பக்கத்திலும் இதே உபதேசம் நடந்திருக்கிறது. இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்க்காமல் அவ்வளவு திறமாக நடித்ததில், ஆளுக்கொரு பை கத்தரிக்காயோடு வீடு வந்து சேர்ந்தோம். எவரும் எவரையும் பார்க்கவில்லை.

ஆடு தின்ற மாலை

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லாவிட்டால் காடிகன் விளங்காது.

ஊரில் இருந்தபோதே எனக்கு ஒரு கோயில் தற்செயல் நடந்தது. வேறொரு மாப்பிள்ளை. அவருடைய தாயார் அர்ச்சனைத் தட்டோடு மிடுக்காக நின்றார். பின்னாலிருந்து ஓர் ஆடு வந்து தட்டிலிருந்த மாலையை மெல்ல இழுத்துத் தின்னத் தொடங்கியது. அந்த அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆட்டைப் பார்த்துச் சிரித்தேன்.

அவ்வளவுதான். "பிள்ளை சிரிச்சுப்போட்டாள்! பிள்ளைக்குச் சம்மதம்!" அன்று பின்னேரமே சாதகங்கள் கை மாறின. நான் ஆட்டுக்குத்தான் சிரித்தேன் என்று கத்தினேன். "வெட்கத்தில சொல்லுறாள்" என்று அதற்கும் சிரித்தார்கள். அந்தச் சம்பந்தத்தைக் கலைக்க மாதக்கணக்கில் பட்ட பாடு எனக்கும் அப்பாவுக்கும்தான் தெரியும். என் வாய் சொல்லாத ஒன்றை என் பல் சொல்லிவிட்டதாம்.

அன்றைக்கு ஒரு முடிவெடுத்தேன். இனி என் கல்யாணத்துக்கு ஓமோ இல்லையோ, அது என் வாயிலிருந்துதான் வரவேண்டும். வேறு எவரும் எனக்காகச் சொல்லக்கூடாது. எனக்கு அது உயிர்ப் பிரச்சினை.

அப்படிச் சபதம் எடுத்தவள்தான் அண்ணாவிடம் ஏமாந்தேன்.

கேற்றுக்கு அப்பால்

மார்க்கெட் ஏற்பாடு கவிழ்ந்த பிறகு சுந்தரம் சார் ஒரு செய்தி கொண்டுவந்தார்.

"நம்ம குலேந்திரன் ஒரு சைக்கிள் பைத்தியம். லீவு கிடைச்சா மலைக்குப் போயிடுவான். வசந்தகாலத்துல அந்த உச்சி ரோட்டுல பனி கரைஞ்சிருக்கும், ஆனா குளிர்காலத்துக்குப் பூட்டுன கேட்டை இன்னும் திறந்திருக்க மாட்டாங்க. காரே வராது. அந்தக் கொஞ்ச நாள் மட்டும் ரோடு பூரா தனக்குத்தான் சொந்தம்கிறான். உங்க பொண்ணுக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியுமாமே?"

தெரியுமாவா? யாழ்ப்பாணத்தில் ரியூசனுக்குச் சைக்கிளில் போய், "பெட்டை சைக்கிள் ஓடுது பாருங்கோ" என்று தெருவே வேலியால் எட்டிப் பார்த்த ஆள் நான். ஒரு குறை மட்டும்தான், எங்கள் ஊர் தட்டையானது. ஏற்றம் என்று நாங்கள் சொன்னது பாலத்தை. ஆகவே வேலைத்தலச் சிநேகிதி ஒருத்தியிடம் கியர் வைத்த சைக்கிளை இரவல் வாங்கி, சில வார இறுதிகளில் த பேசினிலிருந்து மரங்களுக்குள்ளே வளைந்து வளைந்து ஏறும் ரோட்டில் பழகினேன். முதல் நாள் பாதியில் இறங்கி, ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்து மூச்சு வாங்கினேன். மூன்றாம் தரம் உச்சிக்குப் போய்விட்டேன். அந்தச் சந்தோசம் இருக்கிறதே, பரீட்சை பாஸ் பண்ணியபோதுகூட எனக்கு வரவில்லை.

திட்டம் இதுதான். அவர் மலையின் மற்றப் பக்கம் ஓமியோ என்ற ஊரிலிருந்து ஏறி வருவார். நாங்கள் இந்தப் பக்கத்தால் கேற் வரை காரில் போய், அண்ணியையும் சுந்தரம் சாரையும் அங்கே காரோடு விட்டுவிட்டு, அண்ணாவும் நானும் சைக்கிளில் போவோம். நடுவில் மாட்டுக்காரர்கள் தங்கும் பழைய தகரக் குடில் ஒன்று இருக்கிறது. அங்கே 'தற்செயலாக' எல்லோரும் சந்திப்போம். சுற்றிவரப் பல மைல்களுக்கு வேறு ஒரு மனிதர் இல்லாத இடத்தில் தற்செயலாம்! எவருக்கும் இதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் அண்ணா தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார்.

"பிள்ளை, உனக்கு வாயால சொல்லக் கூச்சமா இருக்கும். அண்ணி பின்னின சிவப்புக் காடிகன் இருக்கெல்லே? பிடிச்சிருந்தால் திரும்பி வரேக்க அதைப் போட்டுக்கொண்டு வா. பிடிக்காட்டி பையுக்குள்ள இருக்கட்டும். நாங்கள் ஒண்டும் கேக்கமாட்டம்."

நல்ல யோசனைபோலத்தான் இருந்தது. தலையாட்டினேன். மலையில் காடிகன் என்பது குளிருக்குப் போடும் சாமான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது தோன்றவில்லை.

கேற்றடியில் நல்ல வெயில். அணைக்கட்டுத் தண்ணீர் பளபளத்தது. கரையில் நின்ற மரங்களின் பட்டை பச்சையும் செம்மஞ்சளுமாகக் கோடு போட்டிருந்தது, நிழல் விழுந்த இடங்களில் இன்னும் அழுக்கான பனித்திட்டுகள். அண்ணா இரவல் சைக்கிளில் ஏறிக் கியரைப் பார்த்து, "இதெல்லாம் பொம்பிளையளுக்கு" என்றார். முதலாவது ஏற்றத்திலேயே முகம் கறுத்து, இறங்கி, கல்லொன்றில் குந்திவிட்டார்.

"நீ மெல்லப் போ. நான் இதில இருந்து... இயற்கையைப் பாக்கிறன்" என்றார். நான் திரும்பிப் பார்த்தபோது இயற்கையைப் பார்க்காமல் கேற்றுக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டிருந்தார்.

நான் தனியே போனேன். உச்சிக்கு ஏறினால், அட, மேலே சமதரை! எங்கள் ஊரைத் தூக்கி மலைமேல் வைத்ததுபோல. சரளைக்கல் ரோடு, இரண்டு பக்கமும் வைக்கோல் நிறப் புல், சில்லு கல்லை நெரிக்கும் சத்தம். நாயும் குரைக்கவில்லை, லொறியும் வரவில்லை, எவரும் வேலியால் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் விட்டு ஓடினேன். வாய்விட்டுப் பாடவும் செய்தேன், என் குரலை அறிந்தவர்கள் மன்னிக்க.

மரக்கறி வாங்க வந்தனான்

குடிலின் வாசற்படியில் குலேந்திரன் இருந்தார். மெலிந்த ஆள், வெயிலில் தோலுரிந்த மூக்கு, தடித்த கண்ணாடி, சாம்பல் நிறக் கம்பளி ஜம்பர். சின்ன அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து, பாடமாக்கியதை ஒப்புவித்தார்.

"ஓ! நீங்களும் இந்தப் பக்கமோ?"

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஓம். மரக்கறி வாங்க வந்தனான்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். பிறகு முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "இண்டைக்கு வெண்டிக்காய் வரேல்லை" என்றார்.

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் ஆட்டின் ஞாபகம் வந்து திக்கென்றது.

"நான் சிரிச்சதுக்கு ஒரு அர்த்தமும் இல்லை" என்றேன் அவசரமாக.

"நான் ஒண்டும் நினைக்கேல்லையே" என்றார் பாவம்.

தேத்தண்ணி குடித்துவிட்டுக் கேற்றை நோக்கிப் புறப்பட்டோம். ஏன் இந்த ரோட்டில் இவ்வளவு ஆசை என்று கேட்டேன்.

"கார் வாற ரோட்டில ஒராளுக்குப் பின்னால ஒராள்தான் ஓடலாம், கதைக்க ஏலாது. இஞ்சையெண்டால் பக்கத்தில பக்கத்தில ஓடலாம். ஆனால் இவ்வளவு நாளும் பக்கத்தில ஓட ஒருத்தரும் வரேல்லை."

இதைச் சோகமாகச் சொல்லவில்லை, ரோட்டைப் பார்த்துச் சொன்னார். நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடினோம். ஓர் ஏற்றத்தில் நான் அவரை முந்திவிட்டேன். எங்கள் ஆம்பிளைகள் அதைப் பொறுக்கமாட்டார்கள், நெஞ்சு வெடித்தாலும் எட்டிப் பிடிப்பார்கள். இவர் பின்னாலிருந்து, "போங்கோ, போங்கோ, நான் மெல்ல வாறன். என்ர தட்டுமுட்டுச் சாமான் பாரம்" என்று இளைத்தபடி சொன்னார்.

பிடித்திருந்ததா என்று கேட்டால், பிடித்திருந்தது. மறைப்பானேன். ஆனால் ஒருவரைப் பிடித்திருப்பதும், அவரோடு காலம் முழுக்க இருக்கிறேன் என்பதும் ஒன்றா? தேத்தண்ணி ஒரு கோப்பையும் வெண்டிக்காய்ப் பகிடி ஒன்றும் அதற்குக் காணுமா? எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும்போல இருந்தது.

அப்போதுதான் மேற்கே வானம் கறுத்தது. சொல்லிவைத்ததுபோல வெயில் அணைந்து, காற்று எழும்பி, ஆலங்கட்டி கொட்டத் தொடங்கியது.

வெறும் கம்பளி

இனி உங்களுக்கு என் நிலைமை விளங்கும். காடிகனைப் போட்டால் குளிர் போகும். கேற்றடியில் அண்ணி தூரத்திலேயே சிவப்பைக் கண்டு கை தட்டுவார். குளிருக்குத்தான் போட்டேன் என்று நான் சொல்லுவேன். "வெட்கத்தில சொல்லுறாள்" என்று எல்லோரும் சிரிப்பார்கள். மீண்டும் ஆடு, மீண்டும் மாலை. முடியவே முடியாது.

"நடுக்கம் கூடுது உங்களுக்கு" என்றார் அவர். "பகிடி இல்லை. இந்தக் குளிர் ஆளைக் கொல்லும். போடுங்கோ எண்டுறன்!"

"போடமாட்டன் எண்டுறன்!"

"ஏன்?"

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஏனெண்டால், இதைப் போட்டுக்கொண்டு போனால் உங்களுக்கு ஓம் எண்டு அர்த்தம்! அண்ணாவின்ர ஏற்பாடு! எனக்கு இன்னும் தெரியாது! தெரியாததை நான் எப்பிடிச் சொல்லுறது? போன முறையும் இப்பிடித்தான், ஒரு ஆட்டைப் பாத்துச் சிரிச்சதுக்கு என்னைக் கட்டிக்குடுக்கப் பாத்தவை!"

மலை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தியிருக்கிறேன். பெல்லில் டிங் டிங் என்று ஆலங்கட்டி மட்டும் பதில் சொன்னது.

அவர் சிரிக்கவில்லை. ஆட்டைப் பற்றியும் கேட்கவில்லை. சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுத் தன் சாம்பல் ஜம்பரைக் கழற்றினார். உள்ளே ஒரு மெல்லிய பெனியன் மட்டும்தான்.

"இதைப் போடுங்கோ. இதுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. இது வெறும் கம்பளி."

"அப்ப நீங்கள்?"

"உங்கட சிவப்பைத் தாங்கோ."

எடுத்துக் கொடுத்தேன். இழுத்து மாட்டினார். கை முழங்கையோடு நின்றுவிட்டது. முன்பக்கத்தில் அண்ணி ஆசையாகத் தைத்த முத்துப் பொத்தான்கள். மேலே இரண்டைத்தான் பூட்ட முடிந்தது. கண்ணாடியும் தோலுரிந்த மூக்கும் முத்துப் பொத்தானுமாக நின்றுகொண்டு அவர் சொன்னார்:

"எனக்கு ஓம். நான் போட்டால் பிழையில்லைத்தானே?"

அந்த ஜம்பரில் புகையும் பிஸ்கட்டும் மணத்தது. சூடு மெல்ல மெல்ல என் தோளில் ஏறியது. நீண்டு தொங்கிய கைகளை மடித்துவிட்டேன். என் பதிலை அவர் கேட்கவில்லை. சைக்கிளில் ஏறினோம்.

தேத்தண்ணி

கேற்றுக்கு இறங்கும் அந்தக் கடைசி இறக்கத்தை நான் மறக்கமாட்டேன். பிறேக் நனைந்து பாதிதான் பிடித்தது. ஆலங்கட்டி நின்று, நனைந்த ரோட்டில் வெயில் மறுபடியும் விழுந்தது. எதிரே எதுவும் வராது என்று தெரிந்த ரோட்டில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் கத்திக்கொண்டே இறங்கினோம்.

கீழே அண்ணி சிவப்பைக் கண்டுவிட்டார். "போட்டிருக்கு! போட்டிருக்கு!" என்று அவர் குதிப்பது தெரிந்தது. அண்ணா இரண்டு கையையும் தூக்கினார். நாங்கள் கிட்ட வர வர அந்தக் கைகள் மெல்ல இறங்கின.

"என்னங்க இது! மாப்பிள்ளை பொம்பளை கார்டிகன் போட்டுட்டு வர்றாரு!" என்றார் சுந்தரம் சார்.

அண்ணா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், முத்துப் பொத்தானைப் பார்த்தார். "பிள்ளை, இது... ஓமோ, இல்லையோ?"

"அவருக்கு ஓமாம்" என்றேன்.

"உனக்கு?"

"எனக்கு இப்ப தேத்தண்ணி வேணும். என்ர பதிலை நான் பிறகு என்ர வாயால சொல்லுறன்."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணா ஏதோ சொல்ல வெளிக்கிட, சுந்தரம் சார் பிளாஸ்கைத் திறந்து, "விடுங்க, பொண்ணு நடுங்குது" என்று கோப்பையை என் கையில் வைத்தார். அந்த மனிதருக்குத் தற்செயல் விளங்காவிட்டாலும் இது விளங்கியது.

அதன் பிறகு எந்தத் தற்செயலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் நேரே வீட்டுக்கு வந்து, அண்ணியின் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, என்னோடு சைக்கிளில் வெளிக்கிடுவார். ஒருநாள்கூட 'என்ன முடிவு' என்று அவர் கேட்கவில்லை. வசந்தம் போய்க் கோடையும் வந்துவிட்டது.

அப்படியொரு பின்னேரம் கிளேட்டன் ரயில் கடவையில் கேற் மூடியிருந்தது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில், ஆளுக்கொரு கால் தரையில் ஊன்றி நின்றோம். பின்னால் கார்கள் வரிசை கட்டின. அவர் தண்டவாளத்தைப் பார்த்தபடி தன் சைக்கிள் பெல்லைச் சும்மா ஒருதரம் அடித்தார். டிங். என் பதில் எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஓம்" என்றேன்.

சரியாக அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. தடதடவென்று முழு ரயிலும் எங்கள் மூக்குக்கு முன்னால் போனது. அவர் காதில் கைவைத்து, "என்ன?" என்றார்.

ரயில் போய் முடியட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. இத்தனை காலம் என் வாயில் பத்திரமாக வைத்திருந்ததை, பின்னாலிருந்த கார்க்காரரெல்லாம் எட்டிப் பார்க்கும்படி பலத்துக் கத்தினேன்.

"உங்களுக்கு ஓம் எண்டு சொன்னனான்!"

கேற் திறந்தது. அவர் வாயெல்லாம் சிரிப்பாக என்னைப் பார்த்தபடி நின்றார், அசையவில்லை. பின்னால் கார்கள் ஹோர்ன் அடிக்கத் தொடங்கின.